பச்சைப் பொத்தானில் மாட்டிய ரப்பர்

பாஞ்சாலி பிறந்த ஊரில் தண்ணீருக்காக யாரும் பயந்து அவள் பார்த்ததில்லை. தென்னேரி ஏரி நிரம்பினால் மதகைத் திறப்பார்கள். வாய்க்காலில் வருகிற தண்ணீரை மண்வெட்டியால் மடை திருப்பிவிட்டால் போதும், அது பாட்டுக்குக் கழனியில் போய் நிற்கும். காவாந்தண்டலம் பக்கத்தில் ஏகாம்பரத்துக்கு வாக்கப்பட்டு வந்த பிறகுதான் தண்ணீர் என்றால் கிணறு, கிணறு என்றால் மோட்டார், மோட்டார் என்றால் கரண்டு என்று அவளுக்கு ஆனது.

கரண்டு என்ன செய்யும் என்பதை வந்த வருஷமே பார்த்துவிட்டாள். ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில், பக்கத்துக் கழனி ஜெயம்மாளின் காளை மேயப்போன இடத்தில் கரண்டுக் கம்பத்தை இழுத்துக் கட்டியிருந்த கம்பியில் முதுகைத் தேய்த்தது. தேய்த்த மாடு அப்படியே விறைத்து நின்றது. கத்தவில்லை. கால் நாலும் ஈரத்தில் ஊன்றியபடி நின்று, பிறகு பக்கவாட்டில் சாய்ந்தது. கிட்டே ஓடப்போன ஜெயம்மாளை ஆட்கள் பிடித்து இழுத்தார்கள். "தொடாத! தொடாத!" என்று நாலு பக்கமும் கூச்சல். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. நெருப்பில்லை, புகையில்லை. ஒன்றுமே இல்லாத இடத்தில் அவ்வளவு பெரிய மாடு செத்துக் கிடந்ததுதான் பாஞ்சாலியின் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது.

ஏகாம்பரம் உத்திரமேரூரில் ஒரு ரைஸ்மில்லில் வேலை பார்த்தான். விடிந்ததும் சைக்கிளை எடுத்தால் பொழுது சாய்ந்துதான் வருவான். பகலில் கழனி, மாடு, மோட்டார் மூன்றும் பாஞ்சாலி தலையில்தான். மோட்டார் போட அவளுக்கு அவன்தான் சொல்லிக்கொடுத்தான். "ரப்பர் செருப்ப போட்டுக்க. பலகை மேல ஏறி நில்லு. பச்சைய அமுக்குனா ஓடும், செவப்ப அமுக்குனா நிக்கும். அவ்ளோதான், இதுக்கு இன்னாமே பயம்?"

அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்தத் தகர டப்பாவின் பச்சைப் பொத்தானை அமுக்கும்போது அவள் கண்ணை மூடிக்கொள்வாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, வலது கையின் ஒற்றை விரலால் ஒரு குத்து. மோட்டார் உறுமி, தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சே வரும்.

முதலில் எல்லாம் ஓர் ஒழுங்கு இருந்தது. மாசத்துக்கு ஒரு தடவை மீட்டர் பார்க்க ஆள் வருவார். எவ்வளவு ஓடுகிறதோ அவ்வளவு கட்ட வேண்டும் என்பதால், கழனி நிரம்பியதும் எவனாவது ஓடிவந்து மோட்டாரை நிறுத்துவான். பிறகு அந்த மீட்டர் கணக்கு போயிற்று. ஓடினாலும் ஒன்றுதான், ஓடாவிட்டாலும் ஒன்றுதான் என்று ஆனது. அதே சமயத்தில் கரண்டும் முறை வைத்து வர ஆரம்பித்தது. ஒரு வாரம் காலையில், ஒரு வாரம் மத்தியானத்தில். சொன்ன நேரத்துக்கு வரும் என்பதும் இல்லை, வந்தால் நிற்கும் என்பதும் இல்லை.

அந்தப் பயம்தான் எல்லாரையும் ஆட்டிவைத்தது. வந்த கரண்டு எப்போது போகுமோ என்று, வந்த நிமிஷமே எல்லா மோட்டாரும் ஓடும். கழனி நிரம்பினாலும் நிறுத்த மாட்டார்கள். நாளைக்கு வருமோ வராதோ, இன்றைக்கே இறைத்துவிடு. நாம் நிறுத்தினால் பக்கத்துக் கிணற்றுக்காரன் நம் ஊற்றையும் சேர்த்து இழுத்துவிடுவான். தண்ணீர் வரப்பு மீறி ஓடைக்குப் போகும். கிணறு வற்றும். வற்றியதும் இன்னும் ஆழம் வெட்டி, இன்னும் பெரிய மோட்டார் போடுவார்கள். ஒரே டிரான்ஸ்பார்மரில் அத்தனை மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பினால் கரண்டுக்குத் தெம்பு இருக்காது. குண்டு பல்பு வெற்றிலைச் சாறு நிறத்தில் எரியும். மோட்டார் ஓடாமல் முனகும். முனகி முனகிச் சூடேறி உள்ளே சுற்றியிருக்கிற காயில் கம்பி கருகும்.

கரண்டு வரும் நேரத்துக்குக் காத்திருக்க முடியாமல் யாரோ ஒருவர் கண்டுபிடித்த வழி அது. பழைய சைக்கிள் டியூபிலிருந்து ஒரு ரப்பர் வளையம் வெட்டி, பச்சைப் பொத்தான் அமுங்கியே இருக்கும்படி டப்பாவைச் சுற்றி மாட்டிவிடுவது. கரண்டு எப்போது வந்தாலும் மோட்டார் தானாகக் கிளம்பிவிடும். ஆள் பக்கத்தில் இருக்க வேண்டாம். முதலில் மாட்டியவர் வீராசாமி. அந்த வட்டாரத்தில் பெரிய கிணறும் பெரிய மோட்டாரும் டிராக்டரும் அவருடையதுதான். அவர் மாட்டியதைப் பார்த்து ஜெயம்மாள் மாட்டினாள். மற்றவர்களும் மாட்டினார்கள்.

பாஞ்சாலி மாட்டியதற்கு வேறு காரணமும் உண்டு. ரப்பர் மாட்டிவிட்டால் பொத்தானைத் தொட வேண்டியதில்லை. அவளுக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது. மோட்டார் கொட்டாய்ப் பக்கமே போகாமல் தள்ளி நின்று தொட்டியை மட்டும் பார்ப்பாள். தண்ணீர் விழுந்தால் கரண்டு இருக்கிறது, விழாவிட்டால் இல்லை.

எண்பத்தாறாம் வருஷக் கோடையில் அவர்கள் கிணற்றுத் தண்ணீர் அதலபாதாளத்துக்குப் போய்விட்டது. மேலே கொட்டாயில் இருந்த மோட்டாரை இறக்கி, கிணற்றுக்குள் பாறையை வெட்டி ஒரு மேடை செய்து அதில் உட்காரவைத்தார்கள். பொத்தான் வைத்த ஸ்டார்ட்டர் டப்பா மட்டும் மேலே. அங்கிருந்து ஒயர், கிணற்றுச் சுவரை ஒட்டி, நடுவில் டேப் சுற்றிய ஒரு ஒட்டுடன் ஈரத்தில் தொங்கியபடி கீழே போயிற்று. அந்த ஒட்டைப் பார்க்கும்போதெல்லாம் பாஞ்சாலி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "அத்த மாத்துயா" என்று ஏகாம்பரத்திடம் பலமுறை சொன்னாள். "சொர்ணவாரி நெல்லு அறுப்பு முடியட்டும்" என்றான் அவன்.

பயிர் கதிர் விடுமுன் பொதி கட்டுகிற நேரம் அது. ஒரு நாள் மோட்டார் ஓடியது, தண்ணீர் விழவில்லை. குழாயின் அடிநுனியில் தண்ணீருக்குள் கிடக்கிற சல்லடை வால்வில் சேறு அடைத்துக்கொண்டிருந்தது. யாராவது உள்ளே இறங்கித்தான் எடுக்க வேண்டும். கிணற்று வேலைக்குக் காலனி எல்லப்பனைவிட்டால் ஆள் கிடையாது. எல்லார் வீட்டுக் கிணற்றிலும் இறங்கினவன். அடுத்த நாள் காலையில் அவன் பெண்சாதி செங்கேணியும் கூடவே வந்தாள். மேலே இருந்து கயிறு பிடிக்க ஆள் வேண்டும் அல்லவா.

"கரண்டு எப்பம்மா?" என்று கேட்டான் எல்லப்பன், வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டே.

"இந்த வாரம் மத்தியானம்தான். அதுக்குள்ள முடிச்சுடுவ இல்ல?"

"அதெல்லாம் நாஷ்டா நேரத்துக்குள்ள முடிஞ்சுடும்."

அவன் படியில் இறங்கினான். படி முடிகிற இடத்தில் கயிற்றைப் பிடித்துத் தொங்கி மேடைக்குப் போனான். அங்கிருந்து தண்ணீருக்குள். மார்பளவு இருந்தது. இரும்புக் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காலால் அடியைத் துழாவினான். "சேறு நெறைய கீதும்மா," என்று அவன் குரல் கிணற்றுக்குள் இரண்டாகக் கேட்டது. "ஒரு கோணிச்சாக்கு இருந்தா குடு, வாரிப் போட்டுடலாம்."

சாக்கு வீட்டில் இருந்தது. செங்கேணி கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிணற்றோரம் நிற்க, பாஞ்சாலி வரப்பில் நடந்தாள். வெயில் இன்னும் ஏறவில்லை. பாதி வழி போயிருப்பாள்.

வீராசாமியின் மோட்டார் கிளம்புகிற சத்தம் கேட்டது.

அவள் நின்றாள். அந்தச் சத்தத்தைத் தினமும் கேட்கிறவள்தான். ஆனால் அது மத்தியானச் சத்தம். காலையில் ஏன் கேட்கிறது என்று யோசிப்பதற்குள் ஜெயம்மாள் கொல்லையிலிருந்து இன்னொன்று. மேற்கே ஒன்று, பனைமரத்துப் பக்கம் ஒன்று. எல்லாக் கிணற்றிலிருந்தும் ஒரே நேரத்தில் அந்த உறுமல் எழுந்தது. முறை மாற்றி முன்னாலேயே விட்டுவிட்டார்கள்.

ரப்பர்.

என்றைக்கோ மாட்டியது. எடுத்தாளா? எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. கொட்டாய்க்குள் போயே எத்தனையோ நாள் ஆயிற்று.

அவள் திரும்பி ஓடினாள். ஓடும்போது கத்தினாளா என்று பிறகு அவளுக்கே நினைவில்லை. வரப்பு வழுக்கிக் கழனிக்குள் விழுந்து எழுந்தாள். புடவை முழங்கால் வரை சேறு. காதில் இருந்ததெல்லாம் அவள் மோட்டாரின் சத்தம்தான். அது ஓடவில்லை. முனகிக்கொண்டிருந்தது. எல்லா மோட்டாரும் முனகின. அத்தனையும் ஒன்றாகக் கிளம்பி ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருந்தன. பிறகு டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் பியூஸ் டப், டப் என்று வெடித்தது. நாலா பக்கமும் உறுமல் அடங்கியது.

கிணற்றோரம் செங்கேணி மண்டியிட்டு அலறிக்கொண்டிருந்தாள். "யோவ்! யோவ்! இங்க பாருய்யா!"

பாஞ்சாலி எட்டிப் பார்த்தாள். எல்லப்பன் குழாயோடு ஒட்டியபடி சாய்ந்திருந்தான். ஒரு கை குழாய்க்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. அதுதான் அவனைத் தாங்கிப் பிடித்திருந்தது. தலை தொங்கி, தாடை தண்ணீரில் படுகிற மாதிரி இருந்தது. அவனிடமிருந்து சத்தம் இல்லை. செங்கேணி கயிற்றின் நுனியைக் கிணற்றோரக் கல்லில் சுற்றிக் கட்டிவிட்டுப் படியில் இறங்க ஆரம்பித்தாள்.

"எறங்காதமே! தண்ணியில கரண்டு கீது!"

"பீஸ் போய்ட்ச்சும்மா! எங்க ஊட்டு ஆளு முயுகுது!"

செங்கேணி நிற்கவில்லை. பாஞ்சாலி கொட்டாய்க்குள் பாய்ந்தாள்.

பல்பு எரியவில்லை. ஆனால் பல்பை நம்ப முடியாது. வருகிற கம்பி மூன்று. ஒன்று போய் இரண்டு உயிரோடு இருக்கும் என்று ஏகாம்பரம் சொல்லியிருக்கிறான். பல்பு மாட்டியிருந்த கம்பி மட்டும் செத்திருந்தால்? மெயின் சுவிட்சுக்குக் கைப்பிடி எப்போதோ உடைந்து போய்விட்டது. பச்சைப் பொத்தான் மேல் அந்தக் கறுப்பு ரப்பர் இறுக்கமாக உட்கார்ந்திருந்தது. அவள் உடம்பெல்லாம் ஈரம். காலில் செருப்பு இல்லை, எங்கேயோ வரப்பில் போய்விட்டது. பலகை மூலையில் சாய்ந்திருந்தது. அதை எடுத்துப்போட நேரம் இல்லை.

ஜெயம்மாளின் காளை கண்ணில் வந்தது. சத்தமில்லாமல் விறைத்து நின்ற அந்த நாலு கால்.

கீழே செங்கேணியின் வளையல் சுவரில் உரசுகிற சத்தம் கேட்டது. கயிற்றைப் பிடித்துவிட்டாள்.

பாஞ்சாலி இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. ரப்பரைப் பிடித்து இழுத்தாள். அது அறுந்து அவள் விரலில் சுண்டி அடித்ததும், கரண்டுதான் அடித்துவிட்டது என்று நினைத்து வாய்விட்டு அலறினாள். அலறிக்கொண்டே ஸ்டார்ட்டருக்கு மேலே சுவரில் இருந்த வெள்ளைப் பீங்கான் பீஸ் கட்டையைப் பிடுங்கினாள். ஒன்று. அடுத்தது. மூன்றாவது இறுகிப்போய் வரமாட்டேன் என்றது. இரண்டு கையாலும் பிடித்து, காலைச் சுவரில் உதைத்துப் பிடுங்கினாள். மூன்றையும் மடியில் கட்டிக்கொண்டு கிணற்றோரம் வந்து, "எறங்குமே! இப்ப எறங்கு!" என்று கத்தினாள்.

செங்கேணி அதற்குள் தண்ணீரில்தான் இருந்தாள். புருஷன் தலையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டிருந்தாள்.

வீராசாமியும் இன்னும் இரண்டு பேரும் டிரான்ஸ்பார்மரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தவர்கள், சத்தம் கேட்டு வரப்பில் ஓடிவந்தார்கள். வீராசாமி கையில் ஒரு சுருள் கம்பி இருந்தது. பீஸ் போனால் லைன்மேன் வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை. தடிமனான கம்பியாகப் பார்த்துத் தாங்களே கட்டிவிடுவார்கள். இன்னும் கொஞ்சம் முன்னால் கிளம்பியிருந்தால் அவர் கட்டியே முடித்திருப்பார். பாஞ்சாலி அந்தக் கம்பியைப் பார்த்தாள். மடியில் இருந்த பீஸ் கட்டைகளை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"இன்னாம்மா? யாரு உள்ள?"

"மாமா, எல்லப்பன் உள்ள கீறான். கரண்டு அடிச்சுட்ச்சு. ரப்பர எடுக்காம உட்டுட்டேன். நான்தான் உட்டுட்டேன்."

வீராசாமி ஒரு கணம் நின்றார். காலனி ஆளைத் தொட்டுத் தூக்குவது அந்த ஊரில் சாதாரணமாக நடக்கிற காரியம் இல்லை. கம்பியைக் கீழே போட்டார், சட்டையைக் கழற்றினார், இறங்கினார். கயிற்றில் கட்டி மேலே கொண்டுவந்தார்கள். நெஞ்சில் கைவைத்து அழுத்திக்கொண்டே இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லப்பன் வாயிலிருந்து தண்ணீர் வந்தது, பிறகு ஒரு முனகல் வந்தது. டிராக்டர் டிரெய்லரில் வைக்கோலைப் பரப்பி அவனைக் கிடத்தி உத்திரமேரூருக்கு ஓட்டினார் வீராசாமி. அங்கிருந்து செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

எல்லப்பன் பிழைத்தான். வலது கையில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். மற்றவை மடங்கியபடி நின்றுவிட்டன. மண்வெட்டி பிடிக்க முடியாது, கயிறு பிடிக்க முடியாது.

அவன் வீடு திரும்பிய மறுநாள் பாஞ்சாலி காலனிக்குப் போனாள். கொஞ்சம் அரிசியும் ஒரு புதுப் போர்வையும் கொண்டுபோனாள். வாசலிலேயே நின்றாள். எல்லப்பன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். செங்கேணி வெளியே வந்து, ஒன்றும் வாங்கிக்கொள்ளாமல், சுவரில் சாய்ந்தாள்.

"செங்கேணி, நான் வேணும்னு பண்ணலமே."

"தெரியும்மா. எல்லார் கொட்டாய்லயும் அதே ரப்பர்தான கீது. உங்குளுது இல்லன்னா வீராசாமி நைனா கெணத்துல அடிச்சிருக்கும்." அவள் குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் பாஞ்சாலிக்குத் தேவலையாக இருந்திருக்கும். "எங்க ஊட்டு ஆளு இனிமே எறங்காது. எங்க ஆளுங்கள்ல வேற யாரனா எறங்குவாங்க. அப்பவும் அந்த ரப்பர் இருக்கும் இல்ல? எனக்கு அதாம்மா தூக்கம் வரல."

பாஞ்சாலிக்கும் அதற்குப் பிறகு தூக்கம் வரவில்லை. ஏகாம்பரம் ஒயரை மாற்றினான், கைப்பிடி மாட்டினான், எர்த் கம்பி புதைத்தான். எல்லாம் புதுசு. ஆனாலும் ஒரு மோட்டார் கிளம்புகிற சத்தம் காதில் விழுந்தால், பீஸ் கட்டை இருக்கிறதா என்று அவள் கை தானாக மடியைத் தடவும். மற்றக் கிணறுகளில் ரப்பர் அப்படியேதான் இருந்தது. அவளே போய்ச் சொன்னாள். ஜெயம்மாள் எடுத்தாள், இரண்டு நாளில் மறுபடி மாட்டினாள். "நான் எடுத்துட்டா எல்லாரும் எறைச்சிக்குவாங்க, என் பயிரு காஞ்சிடும்மே. நான் ஒண்டிக் கட்டை, கரண்டு வர்ற நேரத்துக்கு ஓடியாற முடியுமா?" என்றாள். சொன்னது பொய்யில்லை. 

அந்த மாசமே டிரான்ஸ்பார்மர் எரிந்தது. பீஸுக்கு வீராசாமி பிறகு கட்டிய தடித்த கம்பி உருகவில்லை, அதற்குப் பதிலாக டிரான்ஸ்பார்மரே உள்ளே எரிந்துவிட்டது. எண்ணெய் ஒழுகிக் கரும்புகை கிளம்பியதை எல்லாரும் அவரவர் வரப்பில் நின்று பார்த்தார்கள். கதிர் வாங்குகிற பயிர். புதுசு வர நாளாகும் என்றார்கள். தினமும் வெயில் ஏற ஏற, நெல் வயல் மஞ்சள் தட்டி, நுனி சுருண்டு, காற்றில் காய்ந்த ஓலை மாதிரி சரசரத்தது. யாரும் யாரோடும் பேசவில்லை. பேச்செடுத்தால் சண்டை வரும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. குடத்தில் மொண்டு ஊற்றிப் பார்த்தார்கள். குடத்துத் தண்ணீர் வெடித்த நிலத்துக்கு எந்த மூலைக்கு? பாதிப் பயிர் பதராகப் போயிற்று.

புது டிரான்ஸ்பார்மர் வந்து கம்பத்தில் ஏற்றிய அன்று எல்லாரும் அங்கே கூடினார்கள். லைன்மேன் கீழே இறங்கி, "எல்லாரும் ஒண்ணா போட்டா இதுவும் போய்டும், சொல்லிட்டேன்" என்று சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அவர் இதற்கு முன்னாலும் சொன்னதுதான். அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

பாஞ்சாலி ஆண்கள் கூடுகிற இடத்தில் பேசிப் பழகினவள் இல்லை. ஆனாலும் ஓர் அடி முன்னால் வந்தாள்.

"ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் போடலாம்," என்றாள். "ரப்பர் வாணாம். ஒருத்தர் கயினி ரொம்பினதும் நிறுத்திட்டு அடுத்தவங்களுக்குக் குரல் குடுக்கட்டும்."

"ரொம்பறதுக்குள்ள கரண்டு போய்ட்டா?" வீராசாமி கேட்டார். "கடைசில நிக்கறவன் இன்னா பண்ணுவான், வானத்தப் பாப்பானா?"

"கடைசில நான் நிக்கறேன் மாமா. நீங்க மொதல்ல போடுங்க."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். ஏகாம்பரம் அவள் பின்னால்தான் நின்றிருந்தான். "ஏம்மே," என்று மெதுவாகச் சொன்னான்.

முதல் நாள் வீராசாமி போட்டார். அவர் கழனி நிரம்பி, வழிந்து, அதன் பிறகும் கொஞ்ச நேரம் ஓடியது. ஜெயம்மாள் வரப்பில் நின்று சத்தம் போட்ட பிறகுதான் நிறுத்தினார். பாஞ்சாலி தன் கொட்டாய் வாசலில் உட்கார்ந்து, ஒவ்வொரு மோட்டாரும் கிளம்புவதையும் அடங்குவதையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்று அடங்கும்போதும் இன்னும் எத்தனை பேர் என்று விரலை மடக்கினாள். தனக்கு முந்தின ஆள் போட்டுக்கொண்டிருக்கும்போது கரண்டு போய்விட்டது. தண்ணீர் வாய்க்காலில் பாதி தூரத்தில் அப்படியே நின்றது. அன்றைக்கு அவள் சோறு சாப்பிடவில்லை. மிஞ்சின பயிரையும் தன் வாயாலேயே கொடுத்துவிட்டோம் என்று நினைத்தாள். 

இரண்டாம் நாள் அவள் முறை வந்தது. ஜெயம்மாள் தூரத்திலிருந்து "யம்மே பாஞ்சாலி, போட்டுக்க!" என்று குரல் கொடுத்தாள். பாஞ்சாலி செருப்பை மாட்டி, பலகையில் ஏறி, பொத்தானை அமுக்கினாள். மோட்டார் முனகவே இல்லை. ஒரே உறுமலில் கிளம்பியது. கொட்டாய்ப் பல்பு அவள் அதுவரை பார்த்திராத வெள்ளையாக எரிந்தது. குழாயிலிருந்து தண்ணீர் கை தடிமனுக்கு வந்து தொட்டியின் மறு சுவரில் அடித்தது. முன்னெல்லாம் முழு நேரமும் ஓடி நிரம்பாத கழனி, கரண்டு போவதற்கு வெகு முன்னாலேயே நிரம்பியது. அவள் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டு அங்கேயே நின்றாள். கரண்டு இருக்கும்போது மோட்டாரை நிறுத்தி எத்தனையோ வருஷம் ஆயிற்று. இருக்கிற கரண்டை விட்டுவிட்டு நிற்பது ஏதோ தப்பு செய்கிற மாதிரி இருந்தது. கை மறுபடி பச்சைக்குப் போகப் பார்த்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கழனிக்கு நடந்தாள்.

அப்படியே எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. மேற்குப் பக்கத்தார் ஒருவர் அடுத்த பருவத்திலேயே ரப்பர் மாட்டினார். வீராசாமி முறையை ஒத்துக்கொண்டாலும், நிரம்பின கழனியில் நிறுத்த அவருக்குக் கடைசிவரை மனசு வரவில்லை. யாராவது போய்க் கத்த வேண்டும். ஆனால் மற்றவர்கள் ஒருவருக்கொருவர் குரல் கொடுத்துப் பழகிவிட்டார்கள். ஆடியில் கிணற்றில் ஆள் மறையும் அளவுக்குத் தண்ணீர் நின்றது. அந்தப் பக்கத்தில் மோட்டார் காயில் கருகுவது குறைந்தது. எல்லப்பன் ஆடு மேய்த்தான். கிணற்றுப் பக்கம் வரமாட்டான், சுற்றிக்கொண்டுதான் போவான்.

சம்பா நடவுக்குச் செங்கேணி ஆட்களோடு வந்தாள். அவளாக வந்தாள், பாஞ்சாலி கூப்பிட்டு அனுப்பவில்லை. அன்றைக்குக் கரண்டு நேரத்தில் பாஞ்சாலி முறை முன்னாலேயே வந்துவிட்டது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மற்றப் பெண்கள் கழனிக்குள் இறங்கி நாற்று முடியைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். செங்கேணி மட்டும் வரப்பிலேயே நின்றாள். தண்ணீர் தொட்டியிலிருந்து வாய்க்காலுக்கு, வாய்க்காலிலிருந்து கழனிக்கு, கழனியில் அந்தப் பெண்களின் கணுக்காலுக்கு வந்துகொண்டிருந்தது. அவள் கண் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது.  காலை ஒரு தடவை தூக்கினாள், மறுபடி வரப்பிலேயே வைத்துக்கொண்டாள்.

"இன்னாமே, வெயிலுக்கு முன்னாடி நட்டு முடிக்க வேணாவா?" என்று உள்ளேயிருந்து ஒருத்தி கூப்பிட்டாள்.

பாஞ்சாலி கொட்டாய்க்குப் போய் மோட்டாரை நிறுத்தினாள். கழனி அரைத் தண்ணீரில் கிடந்தது. ஜெயம்மாளுக்குக் குரல் கொடுத்து, "நீ போட்டுக்க, எனக்கு அப்பறமா பாக்கலாம்" என்றாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளே முதலில் கழனிக்குள் இறங்கி, ஒரு நாற்று முடியை எடுத்து வரப்பில் நின்றவள் பக்கம் நீட்டினாள்.

செங்கேணி தண்ணீர் அசையாமல் நிற்கும் வரை பார்த்திருந்துவிட்டு இறங்கினாள்.